அடைப்புக்குறிக்குள் ஒரு உறுதிமொழி

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. மார்ச் மாதத்தில் வங்கிக்காரன் பாடு உங்களுக்குத் தெரியாததா! போன வாரம் மகள் கேட்ட ஒரு கேள்விதான் எழுத வைத்தது. இங்கே நாக்பூரில் பி.டெக் முதலாண்டு. "அப்பா, ஜாவால ஒரு ஆப்ஜெக்டை கேஸ்ட் பண்ணினா அது வேற ஆப்ஜெக்டா மாறிடுமா?"

2000-ல் சென்னையில் ஒரு நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்ட அதே கேள்வி. பி.காம் முடித்து, திருச்சியில் ஆறு மாதம் ஜாவா படித்த தைரியத்தில் "மாறும் சார்" என்றேன். வெளியே அனுப்பிவிட்டார்கள். (வங்கித் தேர்வு எழுதியது அதற்கப்புறம்தான்.)

மாறாது. 'கணக்கு' என்று ஒரு கிளாஸ். அதன் கீழ் 'சேமிப்புக் கணக்கு', 'நடப்புக் கணக்கு'. சேமிப்புக் கணக்கைப் பொதுவாகக் 'கணக்கு' என்று சொல்ல யார் அனுமதியும் வேண்டாம். அது அப்காஸ்டிங். திரும்ப 'இது சேமிப்புக் கணக்குதான்' என்று சொல்ல, அடைப்புக்குறிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அது டவுன்காஸ்டிங். லெட்ஜரில் இருப்பது அப்படியேதான் இருக்கிறது, கூப்பிடும் பெயர்தான் வேறு. நடப்புக் கணக்கைப் பிடித்துக்கொண்டு சேமிப்பு என்று எழுதிக் கொடுத்தால் கம்பைலர் நம்பிவிடும். ஓடும்போது மாட்டிக்கொள்வீர்கள்: கிளாஸ்கேஸ்ட்எக்ஸெப்ஷன்.

நான் குழம்பியதற்கும் காரணம் உண்டு. 3.9-ஐ இன்ட் என்று கேஸ்ட் செய்தால் 3 ஆகிவிடும். அங்கே மதிப்பே மாறுகிறது. எண்ணுக்கும் ஆப்ஜெக்டுக்கும் ஒரே அடைப்புக்குறி! 1970-களில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியிலிருந்து வந்த எழுத்துமுறை அது. சி-யில் பாயிண்டரை எப்படி மாற்றினாலும் ஓடும்போது யாரும் சோதிப்பதில்லை. சோதிக்கும் வழக்கம் அதற்கும் மூத்தது. ஆஸ்லோவில் டாலும் நிகார்டும் செய்த சிமுலா 67-லேயே 'குவா' என்ற சொல் இதற்காக இருந்தது. ஜேம்ஸ் கோஸ்லிங் குழுவின் ஜாவா, 1996-ல் முதல் பதிப்பு வந்தபோது, எழுத்தை சி-யிடம் வாங்கி, சோதனையையும் கட்டாயமாக்கியது.

ஆனால் அந்த ஜாவாவில் வெக்டாருக்குள் எதைப் போட்டாலும் வெறும் 'ஆப்ஜெக்ட்'. வெளியே எடுக்கும்போதெல்லாம் கேஸ்ட். திருச்சியில் நான் எழுதிய நிரல்களில் பாதி இதுதான். யாராவது ஸ்டிரிங் இருக்க வேண்டிய இடத்தில் இன்டிஜரைப் போட்டுவிட்டால், போட்ட இடத்தில் சத்தமே வராது; எங்கோ எடுக்கும் இடத்தில் வெடிக்கும். கள்ள நோட்டை வாங்கிய கேஷியர் வீட்டுக்குப் போன பிறகு, மாலையில் எண்ணுகிறவன் மாட்டுவது மாதிரி.

1998-ல் பிராச்சா, ஓடர்ஸ்கி, ஸ்டவுட்டமயர், வாட்லர் நால்வரும் ஜிஜே என்றொரு திட்டத்தைக் காட்டினார்கள். அது 2004-ல் ஜாவா 5-இல் ஜெனரிக்ஸாக வந்தது. பட்டியலில் என்ன இருக்கும் என்று முன்பே சொல்லிவிட்டால், தப்பானதைப் போடும்போதே கம்பைலர் தடுத்துவிடும். 2021-ல் ஜாவா 16 வந்த பிறகு, இன்ஸ்டன்ஸ்ஆஃப் சோதனையிலேயே புதுப் பெயர் வைத்துக்கொள்ளலாம். தனியாக கேஸ்ட் வேண்டாம்.

"அப்போ ஜெனரிக்ஸ் வந்ததும் கேஸ்டிங் ஒழிஞ்சுது இல்லையா?" என்றாள். ஒழியவில்லை அம்மா. பழைய நிரல்கள் கெடக்கூடாது என்பதற்காக, கம்பைலர் வகைப் பெயரை அழித்துவிட்டு கேஸ்டைத் தானே எழுதிக்கொள்கிறது. நம்பாமல், ஸ்டிரிங் பட்டியலிலிருந்து ஒன்றை எடுக்கும் நாலு வரி எழுதி ஜாவாபி போட்டுப் பார்த்தாள். அவள் எழுதாத 'செக்கேஸ்ட்' அங்கே உட்கார்ந்திருந்தது.