எல்எஸ்3/5ஏ ஒலிபெருக்கி

எல்எஸ்3/5ஏ என்பது பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் (பிபிசி) 1970களில் தன் சொந்தப் பணிக்கென வடிவமைத்த சிறிய கண்காணிப்பு ஒலிபெருக்கி ஆகும். ஒலிபரப்பாகும் ஒலியின் தரத்தைப் பொறியாளர்கள் கேட்டு மதிப்பிடுவதற்குப் பயன்படும் ஒலிபெருக்கி, கண்காணிப்பு ஒலிபெருக்கி எனப்படுகிறது. ஏறத்தாழ 30 செ.மீ. உயரமும் 19 செ.மீ. அகலமும் 16 செ.மீ. ஆழமும் கொண்ட இப்பெட்டியைப் பிபிசியின் உரிமம் பெற்ற பல நிறுவனங்கள் தயாரித்தன; வீட்டுப் பயன்பாட்டுக்கும் இது விற்கப்பட்டது. பழைய ஒலிபெருக்கிகளைச் சேகரிப்போர் இதனை இன்றும் விரும்பி வாங்குகின்றனர். ஒரே பெயரில் பல நிறுவனங்களின் பெட்டிகளும், ஒன்றோடொன்று பொருந்தாத இரு மின் வடிவங்களும் இருப்பதால், பழைய பெட்டிகளைச் சரியாக அடையாளம் காண்பது இன்றியமையாதது.

பெயர்

"எல்எஸ்" என்பது லவுட்ஸ்பீக்கர் என்னும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். பிபிசியின் பெயரிடும் முறையில் 3 என்னும் எண் வெளிப்புற ஒலிபரப்புக்கான ஒலிபெருக்கிகளைக் குறிக்கும். கலையகங்களுக்கான ஒலிபெருக்கிகள் 5 என்னும் எண்ணால் தொடங்கும். சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் அவ்வகையில் அது எத்தனையாவது வடிவமைப்பு என்பதையும், இறுதியில் உள்ள "ஏ" என்னும் எழுத்து அது திருத்தப்பட்ட பதிப்பு என்பதையும் காட்டுகின்றன.

வரலாறு

புதிய கலையகங்களைக் கட்டுவதற்கு முன் அவற்றின் ஒலியியல் பண்புகளை அறிய, பிபிசியின் ஆய்வுத் துறை எட்டில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரிக் கலையகங்களை உருவாக்கிச் சோதித்து வந்தது. இப்பணிக்கென உருவான சிறு ஒலிபெருக்கியின் ஒலி எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. அதே காலத்தில், வெளிப்புற ஒலிபரப்பு ஊர்திகளின் நெருக்கடியான இடத்தில் வைக்கத்தக்க சிறிய கண்காணிப்பு ஒலிபெருக்கி ஒன்றும் தேவைப்பட்டது. இவ்விரண்டின் விளைவாக எல்எஸ்3/5 தோன்றியது.

இவ்வொலிபெருக்கியை மேலும் தயாரிக்க முற்பட்டபோது, கெஃப் நிறுவனம் வழங்கிய ஒலிப்பான்களின் பண்புகள் முன்பிருந்தவற்றிலிருந்து மாறியிருந்தது தெரியவந்தது. ஆகவே வடிவமைப்பு முழுவதும் மறுபடியும் செய்யப்பட்டு எல்எஸ்3/5ஏ உருவானது. இதைப் பற்றி ஹார்வுட், வாட்டன், மில்ஸ் ஆகியோர் எழுதிய அறிக்கையைப் பிபிசி 1976 இல் வெளியிட்டது.

ரோஜர்ஸ், சார்ட்வெல், ஆடியோமாஸ்டர், குட்மன்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத், கெஃப் முதலிய நிறுவனங்கள் இதனை உரிமம் பெற்றுத் தயாரித்தன. இவற்றுள் ஹார்பெத், பிபிசியில் பணியாற்றிய ஹார்வுட் அவர்களால் 1977 இல் தொடங்கப்பட்டது. 1980களின் பிற்பகுதியில் வடிவமைப்பு மீண்டும் திருத்தப்பட்டது. கெஃப் நிறுவனம் ஒலிப்பான்களின் உற்பத்தியை நிறுத்தியதால், 1990களின் இறுதியில் மூல வடிவத்தின் தயாரிப்பு முடிவுக்கு வந்தது. 2010களில் ஃபால்கன் அக்கூஸ்டிக்ஸ் நிறுவனம் பழைய ஒலிப்பான்களைப் பின்பற்றிப் புதியவற்றை உருவாக்கி, இவ்வொலிபெருக்கியை மீண்டும் தயாரிக்கத் தொடங்கியது.

அமைப்பு

இது காற்றுப் புகாதவாறு மூடப்பட்ட பெட்டி வகையைச் சேர்ந்தது. பெட்டியின் சுவர்கள் மெல்லிய பிர்ச் மர ஒட்டுப்பலகையால் ஆனவை. அதிர்வைத் தணிக்கும் பொருள் சுவர்களின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும். தடித்த சுவர்களால் அதிர்வைத் தடுப்பதற்கு மாறாக, மெல்லிய சுவரின் அதிர்வை விரைவில் அடங்கச் செய்வது பிபிசியின் அணுகுமுறையாகும்.

பெட்டியில் இரண்டு ஒலிப்பான்கள் உள்ளன. வூஃபர் எனப்படும் தாழ் அதிர்வெண் ஒலிப்பானாகக் கெஃப் பி110 பயன்படுகிறது. இதன் கூம்பு பெக்ஸ்ட்ரீன் என்னும் நெகிழியால் ஆனது. ட்வீட்டர் எனப்படும் உயர் அதிர்வெண் ஒலிப்பானாகக் கெஃப் டி27 பயன்படுகிறது. இது 19 மி.மீ. விட்டமுள்ள கவிகை வடிவினது. ட்வீட்டரின் மேல் துளையிட்ட உலோக மூடியும், அதனைச் சுற்றித் தடித்த கம்பளிப் பட்டைகளும் இருக்கும். ஒலி பெட்டியின் விளிம்புகளில் பட்டுச் சிதறுவதை இப்பட்டைகள் குறைக்கின்றன.

கிராசோவர் எனப்படும் அதிர்வெண் பிரிப்புச் சுற்று, ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்சில் ஒலியை இரு ஒலிப்பான்களுக்கும் பிரித்தளிக்கிறது. இச்சுற்று பிரிப்பதோடு நில்லாமல் ஒலிப்பான்களின் துலங்கலில் உள்ள மேடுபள்ளங்களையும் சமன் செய்கிறது. எனவே ஒலிப்பான், சுற்று, பெட்டி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் சரிசெய்யப்பட்டவை. இவற்றுள் ஒன்றை மாற்றினால், வெளித்தோற்றம் மாறாதிருப்பினும் அது எல்எஸ்3/5ஏ ஆக இராது.

இரு வடிவங்கள்

* 15 ஓம் வடிவம்: 1970களிலிருந்து 1980களின் பிற்பகுதி வரை தயாரிக்கப்பட்டது. எஸ்பி1003 என்னும் எண்ணுள்ள பி110 வூஃபரும், எஃப்எல்6/23 என்னும் பிரிப்புச் சுற்றும் கொண்டது. ட்வீட்டரின் ஒலி அளவை வூஃபருக்கு ஏற்பச் சரிசெய்ய இச்சுற்றில் பல முனைகளுள்ள தன்மின்மாற்றி ஒன்று உண்டு.
* 11 ஓம் வடிவம்: 1980களின் பிற்பகுதியிலிருந்து தயாரிக்கப்பட்டது. எஸ்பி1228 என்னும் எண்ணுள்ள பி110 வூஃபரும், எஃப்எல்6/38 என்னும் பிரிப்புச் சுற்றும் கொண்டது.

இரண்டிலும் ட்வீட்டர் டி27, எஸ்பி1032 ஆகும். ஒரு வடிவத்தின் வூஃபரை மற்ற வடிவத்தின் சுற்றுடன் இணைத்தல் கூடாது. 15 ஓம் பெட்டி ஒன்றையும் 11 ஓம் பெட்டி ஒன்றையும் இணையாகப் பயன்படுத்துவதும் பொருந்தாது. எது சிறந்தது என்பதில் ஆர்வலரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் இணையின் இரு பெட்டிகளும் ஒரே வடிவமாக இருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை.

அடையாளம் காணல்

பின்புறப் பட்டயத்தில் தயாரிப்பாளர் பெயர், வடிவமைப்பின் பெயர், வரிசை எண் ஆகியவை காணப்படும். இணையாக விற்கப்பட்ட பெட்டிகள் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களையோ, ஒரே எண்ணுடன் ஏ, பி என்னும் எழுத்துகளையோ கொண்டிருக்கும். எண்கள் வெகுவாக வேறுபட்டால் அவை பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட இணையாக இருக்கலாம்.

வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனி இணைப்பு முனைகள் இருந்தால், அது பெரும்பாலும் பிற்கால 11 ஓம் பெட்டியாகும். ஆயினும் முனைகளைப் பின்னர் மாற்றியிருக்கவும் கூடும். முன்பலகையையோ பின்பலகையையோ கழற்றி, ஒலிப்பான்களின் எஸ்பி எண்களையும் சுற்றுப் பலகையின் எஃப்எல் எண்ணையும் நேரில் பார்ப்பதே உறுதியான வழி.

பி110 அல்லது டி27 இருப்பதை மட்டும் கொண்டு ஒரு பெட்டியை எல்எஸ்3/5ஏ என முடிவு செய்தல் கூடாது. உருளை வடிவிலான ஜேஆர்149 ஒலிபெருக்கியிலும் இவ்விரு ஒலிப்பான்களும் உள்ளன. ஏறக்குறைய இதே அளவுள்ள லின் கான் ஒலிபெருக்கியிலும் பி110 உண்டு. இத்தகைய பெட்டிகளிலிருந்து எடுக்கப்பட்ட ஒலிப்பான்கள், பழுதான எல்எஸ்3/5ஏ பெட்டிகளில் பொருத்தப்பட்டிருக்கலாம்.

நிலையைச் சோதித்தல்

* வூஃபர் கூம்பின் இரு பக்கங்களையும் விரல்களால் சமமாக, மிக மெதுவாக அழுத்தி விட வேண்டும். உரசும் ஓசை கேட்டால் சுருள் இடம் பெயர்ந்திருக்கலாம். கவிகை எளிதில் நசுங்கும் ஆதலால் ட்வீட்டரைத் தொடுதல் கூடாது.
* இரு பெட்டிகளின் முனைகளிலும் மின்தடையை அளந்து ஒப்பிட வேண்டும். பன்மானி காட்டும் எண் நேர்மின்னோட்டத் தடையே. அது 15 அல்லது 11 ஓம் என்னும் மின்மறுப்பைவிடக் குறைவாக இருப்பது இயல்பு. இரு பெட்டிகளின் அளவுகளும் நெருங்கியிருக்கின்றனவா என்பதே பார்க்கத்தக்கது.
* 1.5 வோல்ட் மின்கலத்தை இரு பெட்டிகளின் முனைகளிலும் ஒரே முறையில் ஒரு கணம் தொடுவித்தால், இரு வூஃபர்களும் ஒரே திசையில் அசைய வேண்டும். எதிரெதிராக அசைந்தால் ஒன்றின் உள்ளிணைப்பு மாறியுள்ளது.
* குரல் பதிவொன்றை ஒற்றைத் தடத்தில் ஒலிக்கச் செய்து, இரு பெட்டிகளையும் மாறிமாறிக் கேட்க வேண்டும். குரலின் தன்மை மாறினால் ஒலிப்பானோ சுற்றோ பழுதுபட்டிருக்கலாம்.

பழைய மின்தேக்கிகளை அளந்து பாராமல் "தரம் உயர்த்தும்" நோக்கில் மாற்றுவது பரவலாகக் காணப்படும் தவறு. ஒவ்வொரு சுற்றும் தன் ஒலிப்பான்களுக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்டதால், இத்தகைய மாற்றம் அப்பொருத்தத்தைக் கெடுக்கும். பழுதுபார்க்கும்போது கழற்றிய மூல உறுப்புகளைப் பாதுகாத்து வைப்பது நல்லது.

வீட்டில் அமைத்தல்

ட்வீட்டர், அமர்ந்து கேட்பவரின் காது மட்டத்தில் இருக்குமாறு உறுதியான தாங்கியின் மேல் பெட்டியை நிமிர்த்தி வைக்க வேண்டும். வழக்கமான நாற்காலிக்கு 60 செ.மீ. அளவுள்ள தாங்கி ஏற்றது. முன்புறத் துணிச்சட்டம் ஒலி வடிவமைப்பின் ஒரு பகுதியாகும். அதை நீக்காமல் கேட்பதே முறை.

இவ்வடிவமைப்பின் துலங்கலில் 100 ஹெர்ட்சுக்குச் சற்று மேல் சிறிய ஏற்றம் உண்டு. சிறு பெட்டியிலும் தாழ் ஒலி நிறைவாக இருப்பது போன்ற உணர்வை இது தருகிறது. பெட்டியைச் சுவரோடு ஒட்டியோ மூலையிலோ வைத்தால் இவ்வேற்றம் மிகுந்து, ஆண் குரல் கனத்து ஒலிக்கும். முதலில் சுவரிலிருந்து அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை தள்ளி வைத்து, பழகிய குரல் இயல்பாகக் கேட்கும் வரை சிறிது சிறிதாக நகர்த்திப் பார்க்கலாம். இரு பெட்டிகளுக்கும் கேட்பவருக்கும் இடையிலான தொலைவுகள் சமமாக இருத்தல் வேண்டும். சுமார் இரண்டு மீட்டர் தொலைவு பொருத்தமானது.

பெருக்கியும் ஒலியளவும்

ஒரு வாட் திறனில் ஒரு மீட்டர் தொலைவில் இது தரும் ஒலியளவு ஏறத்தாழ 83 டெசிபெல் மட்டுமே. 89 டெசிபெல் தரும் ஒலிபெருக்கியின் அளவுக்கு இதை ஒலிக்கச் செய்ய நான்கு மடங்கு திறன் தேவைப்படும். ஆயினும் 15 ஓம் வடிவத்தின் தாங்குதிறன் 25 வாட் அளவினதே. இவ்விரண்டும் சேர்ந்து இதன் எல்லையை வரையறுக்கின்றன. பெருக்கியின் ஒலியளவுத் திருகை மிகையாகத் திருப்பினால் உருக்குலைந்த அலை வெளிப்பட்டு ட்வீட்டர் எரியக்கூடும். தாழ் அதிர்வெண்களை மிகைப்படுத்தினால் வூஃபர் கூம்பு தன் எல்லையில் மோதும். வெற்றிடக் குழல் பெருக்கியில் 16 ஓம் முனை இருந்தால், 15 ஓம் பெட்டியை அதில் இணைக்கலாம்.

பெரிய கூடத்துக்கோ உரத்த இசைக்கோ இவ்வொலிபெருக்கி ஏற்றதன்று. ஏறத்தாழ 70 ஹெர்ட்சுக்குக் கீழ் இதன் ஒலி விரைவில் குறைகிறது. சிறிய அறையில், அளவான ஒலியில், மனிதக் குரலையும் சிறு இசைக்குழுக்களையும் கேட்பதற்கே இது சிறப்பாகப் பொருந்துகிறது. ஊர்தியின் உள்ளே அருகில் அமர்ந்து கேட்க வடிவமைக்கப்பட்டதே இதற்குக் காரணம்.

இவற்றையும் பார்க்கவும்

* ஒலிபெருக்கி
* மின்மறுப்பு
* ஒலியியல்