பூட்டிய மொழியும் திறக்கும் இலக்கணமும்

கோட்டாற்றிலே கோயில் மணி ஒலிக்கிறது. முட்டத்திலும் குளச்சலிலும் மக்கள் திரண்டு பூசைக்கு நிற்கின்றனர். பீடத்தருகே நின்று குருவானவர் ஓதுகிறார். எந்த மொழியில்? கேட்பவர் பேசும் தமிழிலா? இல்லை. கடல் பல கடந்து கிடக்கும் ரோமாபுரியின் பண்டை மொழியிலே, இலத்தீனிலே ஓதுகிறார்! 16-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இக்காட்சி, மக்கள் மொழியில் வழிபாடு நடத்தலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் இசைவு தந்த காலம்வரை நாஞ்சில் நாட்டுக் கடற்கரையில் நீடித்தது.

சில கல் தொலைவிலே சுசீந்திரம். அங்கே வடமொழி ஓதப்பட்டது. 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மன்னரின் ஆலயப் பிரவேச அறிவிப்பு வரும்வரை, உள்ளே நுழைந்து அதைக் கேட்கும் உரிமைகூட உழைக்கும் மக்களில் பலருக்கு இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து கிழக்கே சென்றால் வடக்கன்குளம். அங்குள்ள கத்தோலிக்கக் கோயிலில் சாதியின் பெயரால் மக்களை இரு கூறாக்கி நிறுத்திய சுவர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிக்கப்பட்டது. அதற்காக வழக்கும் நடந்தது. பீடத்தில் ஓதிய மொழி சுவருக்கு இப்புறம் நின்றவனுக்கும் விளங்கவில்லை. அப்புறம் நின்றவனுக்கும் விளங்கவில்லை. சுவர் மட்டும் இருவருக்கும் நன்றாக விளங்கிற்று!

ஆகவே இலத்தீனை வெறுத்து ஒதுக்கிவிடலாமா? 'புரோகிதரின் மொழி நமக்கு ஏன்?' என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அவர்களின் சினம் எனக்குப் புரிகிறது. முடிவு மட்டும் ஏற்புடையதாக இல்லை. மொழி எவரையும் ஏய்ப்பதில்லை. அதைப் பூட்டி வைத்துக்கொண்டு, 'பொருளை நான் சொல்வேன், நீ நம்பு' என்கிறவனே ஏய்க்கிறான். அந்தப் பூட்டைத் திறக்கும் சாவிக்கு இலக்கணம் என்று பெயர்.

இத்தாலியிலே லோரென்சோ வல்லா என்றோர் அறிஞன் இருந்தான். ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன், மேலை நாடுகளின் ஆட்சியையே போப்பாண்டவர் சில்வெஸ்டருக்குத் தானமாக எழுதிக் கொடுத்தான் என்று ஓர் ஆவணம் பல நூற்றாண்டுகளாகக் காட்டப்பட்டு வந்தது. அரசர்களையே அடக்கப் பயன்பட்ட சாசனம் அது! 1440-இல் வல்லா அதைக் கையிலெடுத்தான். அவனிடம் படை இல்லை. பதவியின் வலிமை இல்லை. இலத்தீன் இலக்கணமும் சொல்வழக்கும் இருந்தன. இந்தச் சொல் 4-ஆம் நூற்றாண்டு ரோமாபுரியில் வழங்கவில்லையே, இந்தத் தொடர் அக்காலத்து நடை அல்லவே, ரோம அதிகாரிகளுக்குப் பாரசீக ஆளுநரின் பட்டப்பெயர் எப்படி வந்தது, என்று வரிவரியாகக் கேட்டான். சாசனம் போலி என்பது வெளிப்பட்டது. பிற்காலத்து ஆராய்ச்சியாளர் அது 8-ஆம் நூற்றாண்டு அளவில் புனையப்பட்டது என்கின்றனர். வேற்றுமை உருபையும் வினை விகுதியையும் மனப்பாடம் செய்வது வீண்வேலை என்று நினைக்கும் மாணவன் இந்த வரலாற்றை எண்ணிப் பார்க்கட்டும்!

அந்த இலக்கணம் தமிழனுக்கு எட்டாத கனியும் அன்று. நன்னூல் படித்தவன் பாதி வழியை ஏற்கெனவே கடந்துவிட்டான். தமிழில் வேற்றுமை எட்டு, இலத்தீனில் ஆறு. 'அமோ' என்றால் 'அன்பு செய்கிறேன்'. 'அமாஸ்' என்றால் 'அன்பு செய்கிறாய்'. வந்தேன், வந்தாய் என்பவற்றைப் போலவே வினையின் விகுதியே இடத்தைக் காட்டிவிடுகிறது. உயர் வகுப்பு மாணவரை மிரட்டும் ஒரு தொடரமைப்பும் அங்கே உண்டு. 'நகரம் பிடிபட, படை திரும்பியது' என்பதில் 'நகரம் பிடிபட' என்னும் பகுதியைப் பெயர் ஒன்றும் வினையடிப் பெயரடை ஒன்றுமாக, ஆறாவது வேற்றுமையில் நிறுத்தி அவர்கள் சொல்வர். 'மழை பெய்யக் குளம் நிறைந்தது' என்று செயவென் எச்சத்தில் பேசும் நமக்கு அதன் பொருள் புதிதா? அவர்தம் செய்யுளில் அடையும் பெயரும் அடிக்கொன்றாகச் சிதறிக் கிடக்கும். கொண்டுகூட்டுப் பொருள்கோள் பயின்ற கண் அதைக் கண்டு கலங்குமா?

வேறுபாடும் உண்டு. அவர்களுக்கு மேசை பெண்பால், நூல் ஆண்பால்! நம் இலக்கணமோ மக்களை உயர்திணை என்றும், மேசையையும் நூலையும் அஃறிணை என்றும், பொருளை நோக்கிப் பகுக்கிறது. 'அவன் படித்த நூல்' என்று பெயரெச்சத்தால் நாம் சுருக்கிச் சொல்வதை, 'எதை அவன் படித்தானோ அந்த நூல்' என்னும் போக்கில் அவர்கள் விரித்துச் சொல்வர். பிறமொழி இலக்கணம் கற்கும்போதுதான் தன் மொழியின் அமைப்பு ஒருவனுக்குத் துலக்கமாகத் தெரிகிறது.

கற்று எதைப் படிப்பது? வேத நூல்களைத் தவிர வேறு உண்டோ என்பர் சிலர். இயற்கையைத் தெய்வங்கள் இயக்கவில்லை, அச்சத்தை விட்டு ஆராய்ந்து பார் என்று ஆறு காண்டங்களில் பாடிய லுக்ரீசியஸ் எழுதியது எந்த மொழியில்? இலத்தீனில்தான்! நம்மைப் பற்றிய செய்தியும் அங்கே இருக்கிறது. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது மாண்ட பிளினி, தன் 37 பகுதிகள் கொண்ட நூலில் பாண்டியனைக் குறிக்கிறான். கடலுக்கு வெகு தொலைவில் உள்நாட்டிலே இருந்த மதுரையைக் குறிக்கிறான். ஒற்றை மரத்தோணிகளில் மிளகு வந்து இறங்கிய துறையைக் குறிக்கிறான். ஆண்டுதோறும் ரோமாபுரியின் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை இந்தியா கொண்டுபோகிறதே என்று வருந்துகிறான். காரம் ஒன்றைத் தவிர வேறு நலமில்லாத மிளகுக்காகவா இவ்வளவு தூரம் போகிறோம் என்று வியக்கவும் செய்கிறான்!

தமிழைப் பற்றிய நூல்களோ இன்னும் பல. சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் இலத்தீனில் எழுதப்பட்டு 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2010-இல் வெளிவந்தது. ஏறத்தாழ 300 ஆண்டு! வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் இலத்தீனில் அச்சேறியது. திருக்குறளின் அறத்தையும் பொருளையும் இலத்தீனில் தந்தவரும் அவரே. இன்பத்துப்பாலை அந்தத் துறவி விட்டுவிட்டார். எடுத்ததை எப்படி எடுத்தார், குறளின் சொல்லுக்கு எந்த இலத்தீன் சொல்லை ஈடாக வைத்தார், அதில் வள்ளுவர் கருத்து நின்றதா, சாய்ந்ததா? இவற்றை மூலத்தைப் படிப்பவனே கூறமுடியும். மற்றவர்கள் பிறர் கூறக் கேட்டுத் தலையாட்ட வேண்டியதுதான்.

மூலம் தேடும் வேட்கை ஒருவரை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு அதே வடக்கன்குளம் சான்று. யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில் 1913-இல் பிறந்த தனிநாயக அடிகள் ரோமாபுரியில் பயின்று, பண்டைக் கார்த்தேஜ் நகரத் திருச்சபையை ஆராய்ந்து முனைவரானவர். அத்துணை இலத்தீன் கற்றவர், 1940-இல் வடக்கன்குளம் பள்ளிக்குப் பணியாற்ற வந்தபோது, பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராக அமர்ந்து தமிழ் இலக்கியம் கற்றார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்று முறையாகப் பயின்றார். ஐரோப்பிய நூலகங்களில் உறங்கிய பழந்தமிழ் அச்சு நூல்களைத் தேடினார். 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966-இல் மறுபதிப்பாக உலகுக்குத் தந்தார். இலத்தீன் அவரைத் தமிழிலிருந்து பிரிக்கவில்லை. தமிழை உலக மொழிகளுக்கு நடுவே வைத்துப் பார்க்கும் கண்ணைக் கொடுத்தது.

நாஞ்சில் நாட்டு இளைஞனே! நானூறு ஆண்டு உன் முன்னோர் இலத்தீனைக் கேட்டார்கள். கற்க அழைக்கப்பட்டவர்கள் குருமடத்துக்குச் சென்ற சிலரே. இன்று உன்னைத் தடுப்பார் இல்லை. வகுப்பறையில் நன்னூல் நடத்தும் ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன்: நாளுக்கு ஒரு மணி நேரம், மூன்று நான்கு ஆண்டு விடாமுயற்சி, இவை இருந்தால் பிளினியை அகராதியின் துணையோடு நீயே படிக்கலாம். வீட்டிலும் வழிபாட்டிலும் ஆட்சியிலும் தமிழே இருக்கட்டும். படிப்பு மேசையில் உலக மொழி எதுவும் இருக்கட்டும். பொருள் தெரியாமல் கேட்டுப் பணிந்த காலம் போகட்டும். மூலத்தைப் பிரித்துப் படித்து, 'இதற்கு என்ன சான்று?' என்று கேட்கும் காலம் வரட்டும்!