மனத்தைப் படிக்கும் படிப்பு: கிள்ளான் பள்ளத்தாக்குக்கு உளவியல் வந்த வரலாறு



பிள்ளை எஸ்.டி.பி.எம். தேறி, பல்கலைக்கழக மனுவை முன்னால் வைத்துக்கொண்டு, "அப்பா, நான் உளவியல் எடுக்கப் போறேன்" என்று சொன்னால், நம்மில் பலருக்கு நெஞ்சு திக்கென்கிறது. "டாக்டர், வக்கீல், வாத்தியார்னு எத்தனையோ இருக்க, தஞ்சோங் ரம்புத்தான் படிப்பு எதுக்கு?" என்று கேட்டுவிடுகிறோம். அப்படிக் கேட்பவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அந்தக் கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்தப் படிப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டையும் சற்றே பார்ப்போம், வாருங்கள்.

ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தானில் 1911ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஒரு பெரிய மனநோய் மருத்துவமனையைத் திறந்தார்கள். தோட்டத்தில் ஒருவர் தனக்குத்தானே பேசினாலும், ராத்திரியில் லயத்தை விட்டு ஓடினாலும், "அவனை ரம்புத்தானுக்கு அனுப்பு" என்பதே பேச்சாகிவிட்டது. பின்னாளில் அதற்கு 'பஹாகியா', அதாவது மகிழ்ச்சி மருத்துவமனை, என்று அழகான பெயர் வைத்தார்கள். பெயர் மாறியதே தவிர நம் வாய் மாறவில்லை! மனம் என்றாலே பைத்தியம், பைத்தியம் என்றாலே ரம்புத்தான் என்ற முடிச்சு அங்கேதான் விழுந்தது.

ஆனால், அங்கே மருந்து எழுதிக் கொடுப்பவர் மனநோய் மருத்துவர். மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறியவர். உளவியல் படிப்பவர் வேறு. நோயில்லாத மனிதன் எப்படிக் கற்கிறான், எப்படி மறக்கிறான், ஏன் கோபப்படுகிறான், கூட்டத்தில் சேர்ந்தால் ஏன் வேறு ஆளாகிறான் என்று ஆராய்வதே அந்தப் படிப்பின் பெரும்பகுதி.

இந்தத் துறைக்குப் பிறந்த ஆண்டு என்று எல்லாரும் சொல்வது 1879. ஜெர்மனியில் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் என்ற பேராசிரியர் உளவியலுக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். அதுவரை தத்துவத்தின் மடியில் கிடந்த பிள்ளை, தனிக்குடித்தனம் வந்த ஆண்டு அது. இந்தியாவுக்கு அது விரைவாகவே வந்துவிட்டது. 1916இல் கல்கத்தா, 1924இல் மைசூர், 1943இல் சென்னைப் பல்கலைக்கழகம் என்று துறைகள் எழுந்தன. மைசூரில் துறையைத் தொடங்கிய கோபாலசுவாமி, 1935இல் தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம் நடத்தி அதற்கு 'ஆகாஷ்வாணி' என்று பெயரும் வைத்தார். பிற்காலத்தில் இந்திய வானொலி முழுதும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. மனத்தை ஆராய்ந்தவருக்கு மனிதர் காதுக்குள் போகும் வழியும் தெரிந்திருந்தது போலும்!

நம் மலாயாவில் கதை வேறு. இங்கே மனத்தைப் பற்றி முதலில் நூல் எழுதியவர்கள் இந்த மண்ணின் மக்கள் அல்லர். ஃபிராங்க் சுவெட்டன்ஹாமை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய கிள்ளான் துறைமுகத்துக்கு 1972 வரை அவர் பெயர்தான். 1895இல் அவர் வெளியிட்ட நூலில் 'அமோக்', 'லாத்தா' என்ற இரண்டையும் பற்றித் தனித்தனியே எழுதினார். வெறிபிடித்து வெட்டப் புறப்படுவது அமோக். திடுக்கிட்டால் எதிரே இருப்பவர் செய்வதையெல்லாம் தன்னை மறந்து திருப்பிச் செய்வது லாத்தா. 1904இல் வுண்டின் மாணவராகிய எமில் கிரெப்பலின் என்ற மருத்துவர் பக்கத்து ஜாவாவுக்கே கப்பலேறி வந்து, இவற்றை ஆராய்ந்து போனார். இந்த நாட்டார் மனம் பார்க்கத்தக்க விநோதமாக இருந்தது. கேட்கத்தக்க குரலாக இருக்கவில்லை.

தமிழர்களைப் பற்றியும் ஒரு முடிவு கட்டி வைத்திருந்தார்கள். "தமிழன் சாது, சொன்னதைக் கேட்பான், அதனால்தான் கித்தா தோட்டத்துக்கு ஏற்றவன்" என்பது துரைமார்களின் தீர்ப்பு. இது இயற்கைக் குணம் என்றே எழுதினார்கள். பெரட்டுக்கு மணியடித்து, கங்காணியையும் கிராணியையும் மேலே வைத்து, கடனில் அமிழ்த்தி, எதிர்த்துப் பேசினால் தோட்டத்தை விட்டு விரட்டி, அதன் பிறகு "இவன் அடக்கமானவன்" என்றால் அது குணமா, கட்டிப்போட்ட கயிறா? இந்தக் கேள்வியை அன்று எந்தப் பேராசிரியரும் கேட்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்களே கேட்டார்கள். ஆர். எச். நாதன் முதலியோர் முன்னிற்க, தோட்டம் தோட்டமாக வேலை நிறுத்தம் பரவியது. சீனத் தொழிலாளிக்கு ஈடான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். நாதனைச் சிறைப்பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 'சாதுத் தமிழன்' என்ற பாடத்தைக் கிள்ளான் மக்கள் அந்தச் சில மாதங்களிலேயே கிழித்துப் போட்டார்கள்.

இதே போல, 'சோம்பேறி மலாய்க்காரர்' என்ற பட்டம் காலனித்துவக் கற்பனையே என்று சைட் ஹுசேன் அலாட்டாஸ் 1977இல் ஒரு நூலே எழுதினார். உளவியல் படிக்கும் பிள்ளைகள் சமூக உளவியல் பாடத்தில் இத்தகைய முன்முடிவுகளைத்தான் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

சரி, நம் பல்கலைக்கழகங்களுக்கு வருவோம். மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் பிறந்து, 1959இல் கோலாலம்பூர் லெம்பா பந்தாயில் கிளை விட்டு, 1962இல் தனி நிறுவனமானது. பிரிக்பீல்ட்ஸில் வாழ்ந்த ரயில்வேக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது பக்கத்திலேயே இருந்தது. ஆனால் உளவியல் என்று தனித்துறை அன்று அங்கே இல்லை. ஆசிரியர் பயிற்சிக்குப் போனவர்கள் பிள்ளை மனம், கற்றல் பற்றிக் கொஞ்சம் படித்து வந்தார்கள். நம் தமிழ்ப்பள்ளிகளுக்குள் உளவியல் நுழைந்த முதல் வாசல் அதுதான் எனலாம்.

1970இல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் அதே லெம்பா பந்தாயில் தற்காலிகக் கட்டடங்களில் தொடங்கி, 1977இல் பாங்கிக்குக் குடிபோனது. அங்கேதான் 1979இல் நாட்டின் முதல் உளவியல் துறை அமைந்தது. லைப்சிக்குக்கும் பாங்கிக்கும் இடையே சரியாக நூறாண்டு! 1990இல் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகமும் துறை தொடங்கியது. பின்னர் கிள்ளான் பள்ளத்தாக்கின் தனியார் கல்லூரிகளும் இந்தப் படிப்பைக் கொண்டுவந்தன.

அங்கே என்ன படிக்கிறார்கள்? பலர் திகைத்துப் போகும் பாடம் புள்ளியியல். மனத்தைப் படிக்க வந்தோம், கணக்கைப் போடச் சொல்கிறார்களே என்று முதலாண்டிலேயே முகம் வாடும். கணக்கு இல்லையென்றால் துரைமார்களின் தீர்ப்பும் ஆராய்ச்சியும் ஒன்றாகிவிடும். அதனால்தான் அது கட்டாயம். இன்னொரு பாடம், மாணவச் செல்வங்களே, உங்களுக்கே உதவும். எபிங்ஹவுஸ் என்பவர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். படித்த சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படித்தால் நிற்கிறது. சோதனைக்கு முதல் நாள் விடிய விடிய உருப்போடுகிறவர்கள் கவனிக்க!

நான் பெரிதாக நினைப்பது அறிவுச் சோதனையின் கதையை. 1905இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே, சைமன் இருவரும் அதை அமைத்தது, பள்ளியில் பின்தங்கும் பிள்ளையைக் கண்டு உதவத்தான். அது அமெரிக்கா போனதும் வடிவம் மாறியது. 1913இல் நியூயார்க் துறைமுகத்தில், கப்பலில் வந்து இறங்கிய ஏழைக் குடியேறிகளுக்கு கோடார்ட் என்பவரின் ஆட்கள் அந்தச் சோதனையை வைத்து, பெரும்பாலோர் அறிவு குன்றியவர் என்று சொல்லிவிட்டார்கள். களைப்பு, பயம், புரியாத மொழி, பழக்கமில்லாத கேள்வி எல்லாம் 'மூளைக் குறை' ஆகிவிட்டன. தமிழில் ஆறாண்டு படித்து, ரிமூவ் வகுப்பில் போய் உட்கார்ந்து, ஆசிரியர் கேட்டது புரியாமல் விழித்த நம் பிள்ளைகளை "மந்தம்" என்றவர்கள் அளந்தது எதை? மொழியையா, மூளையையா?

ஆகவேதான் தமிழ் தெரிந்த உளவியலாளர் வேண்டியிருக்கிறார். கேள்வித்தாளில் 'மனச்சோர்வு உண்டா?' என்று அச்சடித்துக் கொடுத்தால், லயத்திலிருந்து அடுக்குமாடிக்கு வந்துவிட்ட பாட்டி "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார். அவரே அடுத்த மூச்சில், "மனசு பாரமா இருக்குய்யா, நெஞ்சு அடைக்குது, சோறு இறங்கல" என்பார். இரண்டும் ஒன்றே என்று தெரிய அந்தப் பேச்சு காதில் ஏறி வளர்ந்திருக்க வேண்டும்.

சட்டமும் மாறி வந்திருக்கிறது. ஆலோசகர் சட்டம் 1998இல் வந்தது. மருத்துவமனையில் பணிபுரியும் உளவியலாளரை 2016ஆம் ஆண்டுச் சட்டம் அங்கீகரித்தது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் குற்றவாளியாக்கிய 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. அதுவரை, அப்படி ஒரு துயரம் நேர்ந்த குடும்பம் போலீசுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டது.

பெற்றோர்களே, ஒன்றை மட்டும் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். இளங்கலை முடித்த உடனே பிள்ளை சிகிச்சை அளிக்க முடியாது. அதற்கு முதுகலையும் மேற்பார்வையில் பயிற்சியும் வேண்டும். இளங்கலையோடு நின்றவர்கள் அலுவலகங்களில் ஆள் தேர்வு, பயிற்சி, சமூகநலம், சந்தை ஆய்வு போன்ற வேலைகளுக்குப் போகிறார்கள். மேலே படிக்க நினைக்கும் பிள்ளைக்கு இன்னும் சில ஆண்டு செலவும் பொறுமையும் தேவைப்படும், பி.டி.பி.டி.என். கடனைக் கணக்குப் போடும்போது அதையும் சேர்த்தே போடுங்கள். மனு நிரப்பும் முன் பிள்ளையோடு உட்கார்ந்து, எந்தக் கல்லூரி, அந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா, முதுகலை எங்கே என்று மூன்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.