ஒரு ஓட்டில் தோற்ற மனு

நவராத்திரி வந்தால் திருவனந்தபுரத்துக்குத் தெற்கேயிருந்து மூன்று சாமிகள் வரும். பத்மநாபபுரத்துச் சரஸ்வதி யானை மேல். குமாரகோவில் முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் பல்லக்கில். நெய்யாற்றின்கரை தாண்டி, கரமனை ஆற்றைக் கடந்து ஊருக்குள் நுழைவார்கள். சரஸ்வதி கோட்டைக்குள் போய்விடுவாள். முருகனுக்கு ஆரியசாலையில் ஜாகை, நங்கைக்குச் செந்திட்டையில். ஊருக்குள்ளேயே இருக்கிற வலியசாலைக்காரர்களுக்கு இரண்டுமே சாப்பாட்டுக்கு முன் போய்க் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிற தூரம்தான்.

1924 நவம்பரில் தெற்கேயிருந்து இன்னொரு ஊர்வலம் தலைநகருக்கு வந்தது. அதில் சாமி இல்லை. நாஞ்சில் நாட்டுக் கோட்டாற்றிலிருந்து டாக்டர் எம்பெருமாள் நாயுடு தலைமையில் ஆட்கள் நடந்தே வந்தார்கள். வடக்கே வைக்கத்திலிருந்து நவம்பர் 1 அன்று மன்னத்து பத்மநாபன் தலைமையில் கிளம்பியது இன்னொரு ஜாதா. சவர்ண ஜாதா என்று பெயர். வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களை எல்லாச் சாதியாருக்கும் திறந்துவிட வேண்டும் என்பது கோரிக்கை. வந்தவர்கள் மேல்சாதிக்காரர்கள், அந்தத் தெருக்களில் தாராளமாக நடக்கக்கூடியவர்கள். நடக்கக் கூடாது என்று நிறுத்தப்பட்டவர்களுக்காக நடந்து வந்தார்கள். யோசனை காந்தியுடையது.

கால் வலிக்க வந்தவர்களின் மனுவை அரண்மனைக்குள் எடுத்துப் போன தூதுக்குழுவுக்கு ஒரு வக்கீல் தலைமை தாங்கினார். இந்த வாரக் கதாநாயகர் அவர்தான்: சங்கனாச்சேரி பரமேஸ்வரன் பிள்ளை. 1877-ல் பிறந்தவர். வக்கீலாகப் பேர் வாங்கி, நாயர் சர்வீஸ் சொசைட்டியின் தலைவராக இருந்து, பிறகு திருவிதாங்கூர் உயர்நீதிமன்ற நீதிபதியும் ஆனவர்.

பெயரோடு ஊர்ப்பெயரை ஏன் விடாமல் சொல்கிறேன் என்றால், திருவிதாங்கூர் வரலாற்றில் பரமேஸ்வரன்களுக்குப் பஞ்சமில்லை. இவருக்கு முந்தியவர் ஜி. பரமேஸ்வரன் பிள்ளை, பாரிஸ்டர். 1891-ல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்தோடு மகாராஜாவுக்குப் போன ‘மலையாளி மெமோரியல்’ அவர் முன்னின்று நடத்தியது. சர்க்கார் பெரிய உத்தியோகங்களையெல்லாம் வெளியூர்ப் பிராமணர்கள் பிடித்துக்கொள்கிறார்கள், மண்ணின் மக்களுக்கு இடமில்லை என்பது அந்த மனுவின் புகார். ‘பரதேசி’ என்று அதில் சுட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பிராமணர்கள். வலியசாலை அக்ரகாரத்துத் திண்ணைகளில் அந்த மனுவை எப்படிப் படித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது. அதே மனுவில் கையெழுத்துப் போட்ட ஈழவர் டாக்டர் பல்பு, தன் சமூகத்துக்கு அதனால் ஒன்றும் நடக்கவில்லை என்று கண்டு 1896-ல் பதின்மூவாயிரம் கையெழுத்தோடு தனி மனு கொடுத்தார். மனு போடுவதே அரசியலாக இருந்த நாடு அது. அங்கே வக்கீலுக்கு மவுசு இல்லாமல் எப்படி இருக்கும்?

சங்கனாச்சேரியாரை மனுப் புலியாக மட்டும் பார்த்தால் தப்பு. 1915-க்குப் போவோம். கொல்லத்துக்குப் பக்கத்தில் பெரிநாட்டில் கலவரம். புலையர் பெண்கள் கல்லும் பாசியும் கோத்த மாலைதான் போட வேண்டும், மார்பை மறைத்துத் துணி உடுத்தக் கூடாது என்ற வழக்கத்தை எதிர்த்துக் கூட்டம் போட்டார்கள், அடிதடியானது, புலையர் குடிசைகள் எரிந்தன. டிசம்பரில் புலையர் தலைவர் அய்யன்காளி கொல்லத்தில் சமாதானக் கூட்டம் கூட்டினார். தலைமை வகிக்க அழைக்கப்பட்டவர் நாயரான சங்கனாச்சேரி பரமேஸ்வரன் பிள்ளை. மேடையில் அய்யன்காளி பேசிக்கொண்டிருக்க, பெண்கள் முன்னே வந்து அரிவாளால் கழுத்து மாலைகளை அறுத்து எறிந்தார்கள். ஒன்று விழ, பத்து விழ, கல்மாலைகள் குவியலாக ஏறின. தலைமை வகித்தவர் செய்ய வேண்டியதெல்லாம் நாற்காலியை விட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பதுதான். அன்றைக்கு அதுவே பெரிது.

கலவர வழக்குகளில் புலையர்களுக்காக வாதாடிய வக்கீல்களுக்குக் கொடுக்கக் காசு இல்லை. கூலியாகக் குளம் வெட்டிக் கொடுத்தார்கள் என்று கொல்லத்தில் சொல்வார்கள். கம்மான்குளம் என்று அதற்குப் பெயர். பீஸுக்குப் பதில் குளம் வாங்கிய வக்கீல்கள் வேறு எங்காவது இருந்திருக்கிறார்களா, தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வைக்கம் போராட்டத்தின் தொடக்கத்திலும் ஒரு வக்கீல் வருகிறார். அரண்மனை வளாகத்துக்குள் கோர்ட்டு. உள்ளே வேதம் ஓதும் முறைஜபத்துக்கு ஏற்பாடு. ஈழவரான மாதவன் வக்கீல் தன் வழக்குக்குப் போக முடியாமல் தடுக்கப்பட்டார் என்று பெரியார் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கட்சிக்காரனுக்காக வாதாடலாம், வாதாடுகிற இடத்துக்கு நடந்து போகக் கூடாது! 1924 மார்ச் 30-ல் சத்தியாக்கிரகம் தொடங்கியது. தலைவர்கள் கைதானதும் ஈரோட்டிலிருந்து வந்து சேர்ந்தார் பெரியார். முதல் தடவை ஒரு மாதச் சிறை. இரண்டாம் தடவை நாலு மாதம் கடுங்காவல், திருவனந்தபுரம் மத்திய சிறையில். ஆகஸ்ட் 7-ல் மூலம் திருநாள் மகாராஜா காலமானார், கைதிகள் விடுதலையானார்கள். பட்டத்துக்கு உரியவர் சிறுவர் என்பதால் ரீஜென்ட் பொறுப்புக்கு வந்தார் சேது லட்சுமி பாய். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

அவர் கையில்தான் சங்கனாச்சேரியார் குழு அந்த மனுவைக் கொடுத்தது. சவர்ணர்களின் கையெழுத்து மட்டும் இருபத்தையாயிரத்துக்கு மேல். கேட்பவர் தகுதியைக் காட்டி மனுவைத் தள்ளுவது அரசாங்கங்களுக்குப் பழகிய வித்தை. ‘மேல்சாதியார் மனம் புண்படும்’ என்பதே அரசின் வாதமாக இருக்க, மேல்சாதியாரே வந்து ‘எங்கள் மனம் புண்படாது’ என்று எழுதிக் கொடுத்தால் என்ன செய்வது? எதிர்த்தரப்பின் சாட்சியையே தன் சாட்சியாக்கும் கோர்ட்டு மூளை அது. மகாராணி மறுக்கவில்லை, கொடுக்கவும் இல்லை. சட்டசபை முடிவு செய்யட்டும் என்றார்.

1925 பிப்ரவரி 7. எல்லாச் சாலைகளையும் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று என். குமாரன் கொண்டுவந்த தீர்மானத்துக்கு ஓட்டெடுப்பு. ஆதரவு 21, எதிர்ப்பு 22. அந்த ஒரு ஓட்டுக்காக ஊர் கை நீட்டியது மூன்றாவது பரமேஸ்வரன் மேல்: பி. பரமேஸ்வரன், ஈழவர், டாக்டர் பல்புவின் சொந்தச் சகோதரர். அவர் எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தார். அவரை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. மீதி 21 பேரை யாரும் பேர் சொல்லித் திட்டுவதில்லையே.

மார்ச்சில் காந்தி வந்தார், ரீஜென்டைப் பார்த்தார், நவம்பரில் சமரசம். கிழக்குத் தெரு நீங்கலாக மற்றத் தெருக்கள் திறந்தன. சங்கனாச்சேரியார் நீதிபதி நாற்காலிக்குப் போனார், இறங்கினார், கேரள ஹரிஜன சேவா சங்கத்துக்குத் தலைவரானார். மறுபடி கையெழுத்து வேட்டை, இந்த முறை தெருவுக்காக அல்ல, கோயிலுக்காக. 1936 நவம்பர் 12-ல் சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். சங்கனாச்சேரியார் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு 1940-ல் போய்ச் சேர்ந்தார்.

1937-ல் வழக்கம்போல நவராத்திரி வந்தது. சரஸ்வதி யானை மேல், மற்ற இருவரும் பல்லக்கில், கரமனை ஆற்றைக் கடந்து. ஆரியசாலையில் முருகன் இறங்கினார். அதுவரை தள்ளி நின்றே கும்பிட்டவர்களுக்கு அந்த வருஷம் கோயில் படி ஏறி உள்ளே போகத் தடையில்லை.

(தொடரும்)