இடுப்பு வலிக்குக் காரணம் ரத்தத்தில் இருக்கலாம்: மசினகுடி பக்கம் தெரிந்துகொள்ள வேண்டிய அரிவாள் செல் நோய்

இருபது வயதுகூட ஆகாத ஒருவருக்கு இடுப்பில் வலி. நடந்தால் நொண்டுகிறார். எங்கேயாவது விழுந்திருப்பார், பாரம் தூக்கியிருப்பார் என்று எண்ணெய் போட்டு நீவி விடுவார்கள். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். நாலு நாளில் சரியாகிவிடும், மறுபடியும் வரும். மசினகுடியைச் சுற்றியுள்ள பொக்காபுரம், வாழைத்தோட்டம், மாவனல்லா, சிறியூர், ஆனைகட்டி (இது கோவை ஆனைகட்டி அல்ல) போன்ற ஊர்களில் இப்படி வலி வந்தால், சுளுக்கு என்று முடிவு செய்வதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. காரணம், அரிவாள் செல் நோய்.

சிக்கிள் செல் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். பரம்பரையாக வரும் ரத்த நோய் இது. நீலகிரிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு பழையது. இந்தியாவில் இந்த நோயின் மரபணு இருப்பதாக முதன்முதலில் வெளியான ஆய்வுகளில் ஒன்று நீலகிரி மலைப் பழங்குடியினரிடம் நடத்தப்பட்டதுதான். ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகிய இருவரும் 1952-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அதை வெளியிட்டார்கள். அதுவரை ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றே உலகம் பெரும்பாலும் நினைத்துக்கொண்டிருந்தது.

ஒரு புரதத்தில் ஒரே ஒரு மாற்றம்

ரத்தச் சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அதில் நான்கு சங்கிலிகள் உண்டு. அவற்றில் பீட்டா எனப்படும் சங்கிலியின் 6-வது இடத்தில் குளூட்டமிக் அமிலம் இருக்க வேண்டும். அரிவாள் செல் நோயில் அந்த இடத்தில் வேலின் என்ற வேறொரு அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். இந்த ஹீமோகுளோபின் மாறுபட்டது என்பதை 1949-ல் லைனஸ் பாலிங் குழு காட்டியது. மாறியது எந்த அமினோ அமிலம் என்பதை 1950-களின் பிற்பகுதியில் வெர்னான் இங்கிராம் கண்டுபிடித்தார்.

ஆக்சிஜன் குறையும்போது இந்த மாறிய புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீளமான இழைகளாகின்றன. உருண்டையாக, வளைந்துகொடுத்துப் போக வேண்டிய சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து விறைத்துக்கொள்கிறது. மெல்லிய ரத்தக்குழாயில் சிக்கி வழியை அடைத்துவிடுகிறது. சாதாரண சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அரிவாள் செல்லின் ஆயுள் 10 முதல் 20 நாள்தான். ரத்தசோகை வருவது அதனால்.

அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் இந்த மரபணு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் ‘கேரியர்’. அவருக்குப் பொதுவாக எந்தத் தொந்தரவும் இருக்காது. கேரியர்களுக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் உண்டு. ஒரு காலத்தில் மலேரியா வாட்டியெடுத்த வயநாடு, கூடலூர், சீகூர் காட்டுப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களிடம் இந்த மரபணு தங்கிப்போனதற்கு இதுவே காரணமாகக் கருதப்படுகிறது. இருளர், குறும்பர், பணியர் மட்டுமல்ல, வயநாட்டுச் செட்டிகள் போன்ற பிற சமூகத்தினரிடமும் இது உண்டு. எனவே ‘பழங்குடி நோய்’ என்று முத்திரை குத்துவது அறிவியல்படியும் தவறு.

சரி, எலும்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எலும்பு உயிருள்ள திசு. அதற்கும் ரத்தம் ஓடியாக வேண்டும். குழாய் அடைபட்டால் அந்த இடத்தில் எலும்பு செத்துப்போகும். கைக்குழந்தையாக இருக்கும்போதே முதல் அறிகுறி தெரியலாம்: ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கை, கால் விரல்கள் வீங்கி, தொட்டாலே வீறிட்டு அழும். பூச்சி கடித்திருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள்.

பெரியவர்களில் அதிகம் அடிபடுவது தொடை எலும்பின் பந்துப் பகுதி, அதாவது இடுப்பு மூட்டு. அங்கே ரத்தம் போகும் வழிகள் குறைவு. அடைப்பு ஏற்பட்டால் பந்து மெல்ல மெல்ல நொறுங்கித் தட்டையாகிவிடும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று வீட்டுக்கு அனுப்பப்படும் இளைஞருக்குச் சில ஆண்டுகளில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை தேவைப்படும் நிலை வருவது இப்படித்தான். காட்டு வேலை, எஸ்டேட் வேலை, கட்டட வேலை என்று உடம்பை நம்பிப் பிழைப்பவருக்கு இடுப்பு போனால் பிழைப்பே போய்விடும்.

முதுகெலும்பில் நடப்பது இன்னும் வினோதம். ஒவ்வொரு முள்ளெலும்பின் நடுப்பகுதிக்குப் போகும் குழாய்கள் நீளமானவை, எளிதில் அடைபடுபவை. ஓரங்களுக்கு வேறு வழியிலும் ரத்தம் கிடைத்துவிடும். அதனால் ஓரம் நிமிர்ந்து நிற்க, நடுப்பகுதி மட்டும் உள்வாங்கிவிடுகிறது. எக்ஸ்ரேயில் பார்த்தால் ஆங்கில எழுத்து ‘எச்’ போலத் தெரியும். எல்லா நோயாளிகளுக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் இந்த வடிவத்தைப் பார்த்ததும் அனுபவமுள்ள டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிடும். விழுந்து அடிபட்டு முள்ளெலும்பு நசுங்கினால் அமைப்பு வேறு மாதிரி இருக்கும், பெரும்பாலும் முன்பக்கம் ஆப்பு போலச் சரிந்திருக்கும். இரண்டு பாதிப்பும் ஒரே ஆளுக்கு வரவும் செய்யலாம். ஏனெனில் ரத்தம் உருவாக்கும் மஜ்ஜை இரட்டிப்பு வேலை பார்த்துப் பெருப்பதால் எலும்பின் ஓடு மெலிந்திருக்கும். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாத அடிகூட இவர்களுக்கு முறிவாகலாம்.

முதுகு வலியோடு காய்ச்சல் இருந்தால் எலும்பில் சீழ் பிடித்திருக்கலாம். கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது இருந்தால் தண்டுவடம் நெரிபடுகிறது என்று அர்த்தம். இந்த இரண்டிலும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

வீட்டில் செய்யும் வைத்தியத்திலும் கவனம் வேண்டும். சுளுக்குக்கு ஐஸ் ஒத்தடம் சரி. அரிவாள் செல் வலிக்குக் குளிர்ச்சி ஆகாது, ரத்தக்குழாய் இன்னும் சுருங்கும். வெதுவெதுப்பான ஒத்தடம்தான் கொடுக்க வேண்டும். ‘மூட்டு வலி ஊசி’ என்று போடப்படும் ஸ்டீராய்டு இடுப்புப் பந்தை மேலும் கெடுக்கக்கூடியது. வலி மாத்திரைகளை வாரக்கணக்கில் தானாகவே விழுங்குவது சிறுநீரகத்துக்கு ஆபத்து.

சத்து மாத்திரைகள் உதவுமா?

இங்கேதான் குழப்பம் அதிகம். ரத்தசோகை என்றதும் கை போவது இரும்புச்சத்து மாத்திரைக்கு. அரிவாள் செல் சோகையின் மூல காரணம் இரும்புக் குறைவு அல்ல. அணுக்கள் சீக்கிரம் உடைவதுதான். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு உடலில் இரும்பு ஏற்கெனவே அதிகமாகச் சேர்ந்திருக்கும், மேலும் கொடுத்தால் கல்லீரலும் இதயமும் பாதிக்கப்படும். இரும்புக் குறைவும் சேர்ந்தே இருப்பவர்கள் நம் ஊரில் உண்டு என்பதும் உண்மை. பரிசோதித்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

ஃபோலிக் அமிலத்தின் கதை வேறு. புது சிவப்பணுக்களை ஓயாமல் உருவாக்க அது நிறையத் தேவைப்படுகிறது, அதனால் டாக்டர்கள் வழக்கமாகவே தருகிறார்கள். கீரை, பருப்பு, நிலக்கடலையில் அது இருக்கிறது. கீரையை நெடுநேரம் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் பாதிக்கு மேல் போய்விடலாம். வைட்டமின் டி குறைபாடு இந்த நோயாளிகளிடம் பரவலாகக் காணப்படுகிறது, எலும்பு ஏற்கெனவே மெலிந்திருப்பதால் அதைச் சரிசெய்வது அவசியம். ஆனால் வைட்டமின் டி கொடுத்தால் வலி குறையும் என்று உறுதியாகச் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை. துத்தநாகம் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் தொற்றுகள் குறைந்தன. அதில் முன்னோடி, அமெரிக்காவின் டெட்ராய்டில் பணியாற்றிய, பிகாரில் பிறந்த ஆனந்த பிரசாத். மனிதருக்குத் துத்தநாகக் குறைபாடு வரும் என்பதையே உலகுக்குக் காட்டியவர் அவர்தான்.

அதிகம் பேசப்பட்டது எல்-குளூட்டமின். இதுவும் ஓர் அமினோ அமிலம். 2017-ல் அமெரிக்காவில் 5 வயதுக்கு மேற்பட்டோருக்கு மருந்தாக அனுமதி கிடைத்தது. 230 பேரிடம் 48 வாரம் நடந்த சோதனையில், மருந்து எடுத்தவர்களின் வலி நெருக்கடி எண்ணிக்கை நடுமட்டமாக 3, எடுக்காதவர்களுக்கு 4. பயன் உண்டு, ஆனால் சுமாரான பயன். புரதத்தில் காணாமல்போன குளூட்டமிக் அமிலத்தை இது திரும்ப நிரப்புகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மரபணு மாறாத வரை ஹீமோகுளோபினும் மாறாது. சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனேற்றச் சிதைவைக் குறைக்கத்தான் இது உதவுகிறது. ஜிம் கடையில் விற்கும் குளூட்டமின் பவுடரை வாங்கிக் கலக்கிக் குடிப்பது இதற்கு மாற்றும் அல்ல.

உண்மையில் நோயின் போக்கை மாற்றிய மருந்து ஹைட்ராக்சியூரியா. பிறந்த குழந்தையிடம் இருக்கும் கரு ஹீமோகுளோபினை இது மறுபடி அதிகரிக்கச் செய்கிறது. அந்த ஹீமோகுளோபின் இருந்தால் அரிவாள் புரதங்கள் இழையாக ஒட்டுவது குறைகிறது. இந்திய நோயாளிகள் பலருக்கு இயல்பாகவே கரு ஹீமோகுளோபின் சற்று அதிகம். ஆப்பிரிக்காவில் காணப்படும் அளவுக்கு இங்கே நோய் பலருக்குக் கடுமையாக இல்லாததற்கு இது ஒரு காரணம். மாத்திரை விலை மலிவு, ஆனால் ரத்த அணு எண்ணிக்கையை அடிக்கடி பார்த்துக்கொண்டே எடுக்க வேண்டும். கர்ப்பமாகத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மரபணுவையே திருத்தும் காஸ்ஜெவி சிகிச்சைக்கு 2023-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி தந்தன. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். மசினகுடிக்கு அது இப்போதைக்குச் செய்தி மட்டுமே.

எங்கே பரிசோதிப்பது?

அரிவாள் செல் சோகை ஒழிப்புக்கான தேசிய இயக்கத்தை 2023 ஜூலை 1-ல் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் பிரதமர் மோடி தொடங்கிவைத்தார். 40 வயது வரையுள்ள 7 கோடி பேரைப் பரிசோதிப்பது, 2047-க்குள் ஒழிப்பது என்பது இலக்கு. திட்டத்தில் உள்ள 17 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. நீலகிரியில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே கூடலூர் அஸ்வினி பழங்குடியினர் மருத்துவமனையும், கோத்தகிரியில் இயங்கும் நாவா அமைப்பும் இந்த நோய்க்காக வேலை செய்துவருகின்றன.

முதலில் செய்வது விரலில் குத்தி எடுக்கும் சில துளி ரத்தத்தில் எளிய சோதனை. அதில் ‘பாசிட்டிவ்’ வந்தால் நோயா, கேரியரா என்பது தெரியாது. எச்.பி.எல்.சி. அல்லது எலெக்ட்ரோபோரிசிஸ் செய்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். முதல் சோதனையோடு நின்றுவிட்டு, கேரியர் ஒருவரை ‘நோயாளி’ என்று ஊரே ஒதுக்குவது நடக்கக் கூடாத ஒன்று. கேரியர்கள் இருவர் கல்யாணம் செய்துகொண்டால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. கல்யாணத்துக்கு முன்பே இருவரும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

மசினகுடியிலிருந்து ஊட்டி ஜி.எச்.சுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 30 கிலோமீட்டர். அதற்குள் 1,000 மீட்டருக்கும் மேல் உயரம் ஏறிவிடுகிறது. குளிரும் உயரமும் தண்ணீர் குடிக்காமல் போவதும் வலியைக் கிளப்பிவிடும். நோயாளிக்கு ஸ்வெட்டர், போர்வை, குடிக்க வெதுவெதுப்பான தண்ணீர் கையோடு வேண்டும். பழைய பரிசோதனைச் சீட்டும் கூடவே இருக்கட்டும், அவசரப் பிரிவில் இருக்கும் டாக்டருக்கு இது சுளுக்கு வலி அல்ல என்று உடனே புரிந்துவிடும்.