உங்களுக்கெல்லாம் யாருடா துப்பாக்கி குடுத்தது?

கோலியனூர் கூட்டுரோட்டைத் தாண்டி உள்ளே போனால் ஒரு காலனி. சாயங்காலமானால் அங்கே தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஏழெட்டுப் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். எல்லார் கையிலும் கைப்பேசி, எல்லாரும் போர்முனையில். "டேய், லெஃப்ட்ல ஒருத்தன்", "மாடியில இருக்கான் பாரு", "என்னைத் தூக்கி விடுடா" என்று கத்திக்கொண்டிருப்பார்கள். 2020 செப்டம்பரில் ஒன்றிய அரசு 117 செயலிகளோடு சேர்த்து பப்ஜியைத் தடை செய்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் தடையானது. ஒன்று போனால் இன்னொன்று வந்தது, தொட்டியடி மட்டும் காலியாகவே இல்லை.

இந்த ஆட்டங்களில் முகம் தெரியாதவர்களோடு மைக்கில் பேசிக்கொண்டே விளையாடலாம். சில வாரங்களுக்கு முன் எதிரில் வந்த குழு ஒன்று, பெயருக்கு முன்னால் 'ஆண்ட பரம்பரை' என்று ஒட்டிக்கொண்டு வந்தது. பேச்சுவாக்கில் "எந்த ஊருடா?" என்றான் ஒருவன். "கோலியனூர்" என்றான் நம் பையன். "ஊரா, காலனியா?" என்பது அடுத்த கேள்வி. பதில் வராததே அவனுக்குப் பதிலாகிவிட்டது. "உங்களுக்கெல்லாம் யாருடா துப்பாக்கி குடுத்தது?" என்று சிரித்தான். நம் பையன் மைக்கை அணைத்துவிட்டான். மறுநாள் எங்களிடம் வந்து, "அண்ணே, நம்ம ஆளுங்க யாராச்சும் பட்டாளத்துல இருந்திருக்காங்களா?" என்று கேட்டான்.

பள்ளிப் பாடநூல் அவனுக்கு இதைச் சொல்லவில்லை, சினிமாவும் சொல்லவில்லை. எனவே நாம் சொல்வோம்.

யார் கொடுத்தது என்றால், முதலில் கொடுத்தவன் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன். 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் முட்டிக்கொண்ட மண் நம்முடையது. செஞ்சிக் கோட்டை, திண்டிவனம் பக்கத்துப் பெருமுக்கல், 1760 ஜனவரி 22இல் சண்டை நடந்த வந்தவாசி, அதற்கடுத்த ஆண்டு வீழ்ந்த புதுச்சேரி எல்லாமே இங்கிருந்து ஒரு நாள் பயணத் தொலைவுதான். அந்தக் காலத்து மதராஸ் படையில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். 1780இல் சென்னைக் கோட்டையில் பயனியர் கம்பெனிகள் இரண்டு தொடங்கப்பட்டன. பாதை வெட்டுவது, பாலம் கட்டுவது, கோட்டைச் சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டுவது அவர்கள் வேலை. அதுதான் பின்னாளில் 'மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்' ஆனது. இன்று மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்ற பெயரில் பெங்களூரில் இருக்கிறது. அந்தப் படையின் வீரனுக்கு இராணுவத்தில் ஒரு செல்லப்பெயர் உண்டு: 'தம்பி'.

கொடுத்தவனே பிறகு பிடுங்கவும் செய்தான். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு பிரிட்டிஷ் அதிகாரிகள் 'போர்க்குடிகள்' என்றொரு கோட்பாட்டைக் கொண்டுவந்தார்கள். சில இனங்களுக்கும் சாதிகளுக்கும் வீரம் இரத்தத்திலேயே இருக்கிறது, மற்றவர்களுக்கு இல்லை என்பது அதன் சாரம். 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாகவும், பிறகு 1893 வரை இந்தியா முழுமைக்குமான தலைமைத் தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ் இதன் முக்கியப் பிரச்சாரகர். தென்னிந்தியச் சிப்பாய் சண்டைக்கு லாயக்கில்லை என்பது அவர் முடிவு. வர்ணாசிரமம் சொன்னதையே வெள்ளைக்காரன் கோப்பில் எழுதி முத்திரை குத்தினான்.

மகாராட்டிரத்தில் அடி இன்னும் நேரடியாக விழுந்தது. அண்ணல் அம்பேத்கர் 1891இல் மாவ் இராணுவக் குடியிருப்பில் பிறந்தபோது அவர் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார். அதற்கு ஓரிரு ஆண்டுகளில் மகர்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. 1894இல் கோபால் பாபா வாலங்கரும், 1910இல் சிவ்ராம் ஜான்பா காம்ப்ளேவும் மனு எழுதினார்கள். சிப்பாய் வேலை என்றால் சம்பளம் மட்டும் இல்லை. பிள்ளைக்கு ரெஜிமெண்ட் பள்ளிக்கூடம், கிழவனுக்கு ஓய்வூதியம், தலை நிமிர்ந்து நடக்க ஒரு சீருடை. அதனால்தான் அதற்காக மல்லுக்கட்டினார்கள்.

தமிழ்நாட்டில் காலாட்படையைச் சுருக்கிய பிறகும் சாப்பர் படையிலும் பயனியர் படைகளிலும் நம்மவர்கள் மிஞ்சினார்கள். காரணம் எளிது. மண் வெட்டவும் சேற்றில் இறங்கவும் ஆள் வேண்டும். ஒரு கையில் மண்வெட்டி, மறு கையில் துப்பாக்கி. சாதியின் உழைப்புப் பங்கீடு சீருடைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது.

பிறகு 1914 வந்தது. போர் என்றதும் போர்க்குடி, போர்க்குடியல்லாதார் என்ற கணக்கெல்லாம் தளர்ந்துபோனது. மதராஸ் படையினர் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் மெசபடோமியாவுக்கும் கப்பலேறினார்கள். மெசபடோமியா என்பது இன்றைய இராக். 1914 நவம்பர் 6இல் இந்தியப் படை பாரசீக வளைகுடா முனையில் ஃபாவ் என்ற இடத்தில் கரையிறங்கியது. 1916 ஏப்ரலில் குட் நகரில் முற்றுகைக்குள் சிக்கிய படை பசியால் சரணடைந்தது. 1917 பிப்ரவரி 23இல் ஷும்ரான் என்ற வளைவில் எதிரியின் சூட்டுக்கு நடுவே டைக்ரிஸ் ஆற்றைக் கடந்தார்கள். படகும் பாலமுமாக நடந்த அந்த வேலையில் மெட்ராஸ் சாப்பர்களும் இருந்தார்கள். மார்ச் 11இல் பாக்தாத் விழுந்தது. சில நாட்களில் ஃபலூஜாவும்.

ஃபாவ், பாக்தாத், ஃபலூஜா என்ற பெயர்களைத் தொட்டியடிப் பையன்களில் கணினி வைத்திருப்பவனிடம் சொல்லிப் பாருங்கள், உடனே தெரியும் என்பான். துப்பாக்கியின் பின்னாலிருந்து பார்ப்பது போல் அமைந்த போர் ஆட்டங்களுக்கு இராக் ரொம்பப் பிடித்த களம். 2016இல் வந்த 'பேட்டில்ஃபீல்டு 1' முதல் உலகப்போர் பற்றியது. அதில் ஃபாவ் கோட்டை ஒரு ஆட்டக்களம். 2004இல் அமெரிக்கப் படை ஃபலூஜாவில் நடத்திய சண்டையை வைத்து 'சிக்ஸ் டேஸ் இன் ஃபலூஜா' என்றொரு ஆட்டத்தை 2009இல் அறிவித்தார்கள். எதிர்ப்பு எழுந்ததும் வெளியீட்டு நிறுவனமான கொனாமி விலகிக்கொண்டது. வேறு கைகள் மாறி 2023 ஜூனில் அது விற்பனைக்கு வந்தேவிட்டது. அமெரிக்க இராணுவமோ 2002 ஜூலை 4இலேயே ஆளெடுப்புக்காக 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற ஆட்டத்தை இலவசமாகவே விட்டது. பொழுதுபோக்குக்கும் ஆளெடுப்புக்கும் நடுவே இருக்கும் சுவர் அவ்வளவு மெல்லியது.

இந்தியாவிலும் ஒன்று வந்தது. 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்திய வீரர்கள் செத்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் அவர்களில் ஒருவர். எல்லைக்கோட்டருகே சுடக்கூடாது என்று 1996 ஒப்பந்தம் இருந்ததால் அன்றிரவு ஒரு குண்டும் வெடிக்கவில்லை. கல்லும் கட்டையும் ஆணி அடித்த தடியும்தான். செப்டம்பரிலேயே நடிகர் அக்ஷய் குமார் 'ஃபௌ-ஜி' என்ற ஆட்டத்தை அறிவித்தார். 2021 குடியரசு நாளில் பெங்களூர் நிறுவனம் ஒன்று அதை வெளியிட்டது. களம் கல்வான், சண்டை கைகலப்பு. துப்பாக்கி இல்லையே என்று ஆட்டக்காரர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். மெட்ராஸ் சாப்பர்களின் தலைமையகமும் அதே பெங்களூரில்தான் இருக்கிறது. ஆனால் மண்வெட்டியோடு டைக்ரிஸ் கரையில் நின்ற தம்பியை வைத்து ஆட்டம் செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

ஆட்டத்தில் ஒருவன் சுடப்பட்டால் சுட்டவன் பெயரும் செத்தவன் பெயரும் திரை ஓரத்தில் ஒரு வரியாக ஓடும். ஒரே ஆட்டத்தில் நூறு பேர் செத்தாலும் நூறு பெயரும் வரும். இப்போது பஸ்ராவுக்குப் போவோம்.

மெசபடோமியாவில் செத்து, கல்லறை தெரியாத 40,000க்கும் மேற்பட்டோருக்காக அங்கே ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். பிரிட்டிஷ் வீரர் என்றால் கடைசிச் சிப்பாய் வரை பெயர் செதுக்கினார்கள். இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். மற்ற இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயரும் அதன்கீழே இத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் மட்டும். காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் 2021 ஏப்ரலில்தான் இதை ஒப்புக்கொண்டது. இந்தியரும் ஆப்பிரிக்கருமாக 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டது. நூறு ஆண்டு தாமதம்.

பெயர் செதுக்கினால் என்ன, செதுக்காவிட்டால் என்ன என்று கேட்கலாம். பீமா கோரேகானைப் பாருங்கள். 1818 ஜனவரி 1இல் பேஷ்வா படையை எதிர்த்து நின்ற கம்பெனிப் படையில் செத்தவர்களின் பெயர்கள் அங்கே கல்தூணில் இருக்கின்றன. 49 பேரில் 22 பேர் மகர்கள். பெயரின் கடைசியில் வரும் 'நாக்' என்ற விகுதியே அதைக் காட்டிக்கொடுத்தது. அந்தப் பெயர்கள் இருந்ததால்தான் 1927 ஜனவரி 1இல் அண்ணல் அங்கே போய் நிற்க முடிந்தது. இன்று வரை ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் அங்கே கூடுகிறார்கள். பஸ்ராவில் செத்த நம் தம்பிகளுக்கு எண்ணிக்கை மட்டும்தான் உண்டு. எண்ணிக்கையின் முன்னால் போய் நின்று இது என் பாட்டன் என்று யார் சொல்ல முடியும்?

போர் முடிந்ததும் பழைய கதை திரும்பியது. 1917இல் எழுப்பிய 111ஆவது மகர் படை 1921இல் கலைக்கப்பட்டது. 1920களில் மெட்ராஸ் காலாட்படையின் வழக்கமான பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. 1933இல் மெட்ராஸ் பயனியர்களும் போனார்கள். இரண்டாம் உலகப்போர் வந்ததும் மறுபடி ஆள் வேண்டியிருந்தது. அண்ணல் விடாமல் வற்புறுத்த, 1941 அக்டோபரில் மகர் ரெஜிமெண்ட் பிறந்தது. 1943இல் சமர் ரெஜிமெண்ட் வந்தது. கோஹிமாவில் சண்டையிட்டது. 1946இல் அதையும் கலைத்தார்கள். ஆபத்து வந்தால் அழைப்பார்கள், ஆபத்து தீர்ந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள். நான்கு தலைமுறைக்கும் இதே கணக்குதான்.

வீரப் பெருமை பாடுவதற்காக இதை எழுதவில்லை. நம் முன்னோர் அந்தப் படகுகளில் போனது இன்னொரு மக்களின் மண்ணைப் பேரரசுக்குப் பிடித்துக் கொடுக்கத்தான். 1920இல் இராக்கியர் கிளர்ந்தெழுந்தபோது அவர்களை அடக்கியதும் பெருமளவு இந்தியச் சிப்பாய்களை வைத்துத்தான். இதையும் மறைக்காமல் சொன்னால்தான் அது நம் வரலாறு. சாதிப் பெருமைக்குப் பதில் இன்னொரு சாதிப் பெருமை என்றால், 'ஆண்ட பரம்பரை' என்று ஒட்டிக்கொண்டு வந்தவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

போர்க்கதையையே சாமியாகக் கும்பிடுகிற வட்டாரம் இது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதப் போரைக் கூத்தாகப் போட்டு, கடைசியில் தீமிதிப்பார்கள். நம் விழுப்புரம் வட்டத்து மேல்பாதியில் அப்படியொரு கோயிலுக்குள் நாம் நுழையக்கூடாது என்றதால் 2023 ஜூனில் வருவாய்த்துறை கோயிலுக்கே சீல் வைத்தது. மைக்கில் "ஊரா, காலனியா?" என்று கேட்டவன் வானத்திலிருந்து குதித்தவன் இல்லை. அந்தக் கேள்வியைக் கோயில் வாசலில் கற்றுக்கொண்டு ஆட்டத்துக்குள் எடுத்து வந்திருக்கிறான்.

தொட்டியடிப் பையன்களில் இரண்டு பேர் அதிகாலையில் நெடுஞ்சாலை ஓரம் ஓடிப் பழகுகிறார்கள், அக்னிபாத் ஆளெடுப்புக்காக. 2022இல் வந்த திட்டம் அது. நான்கு ஆண்டு வேலை, அதன்பின் நான்கில் ஒருவருக்கு மட்டும் நீட்டிப்பு, மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. ஆயுதப் படைகளில் பட்டியல் சாதியினருக்கு இட ஒதுக்கீடும் கிடையாது. அவர்களைத் தடுக்க நாங்கள் யார்? ஆனால் 1921, 1933, 1946 என்ற மூன்று ஆண்டுகளைத் தெரிந்துகொண்டு ஓடட்டும்.

நாம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பல காலனிகளில் 'பட்டாளத்தார் வீடு' என்று ஒரு வீட்டைச் சொல்வார்கள். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் இளசுகளுக்குத் தெரியாது. அந்த வீட்டின் தகரப் பெட்டியில் டிஸ்சார்ஜ் காகிதம் இருக்கலாம், ஒரு பதக்கம் இருக்கலாம். கைப்பேசியில் படம் எடுங்கள். பெயர், ஊர், படைப்பிரிவு, எண் நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பஸ்ராவில் செதுக்காத பெயரைக் கோலியனூரில் எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை.

துப்பாக்கி யாருடா குடுத்தது என்று இனி எவனாவது கேட்டால் மைக்கை அணைக்காதே தம்பி. 1780இலிருந்து ஆரம்பித்துச் சொல்.