ஃபெல்ட் தொப்பியும் ஈரத் துண்டும்



போன சித்திரையில் பிரான்சிலிருந்து வந்த என் மகன் எனக்கு ஒரு தொப்பி கொண்டுவந்தான். சாம்பல் நிறம், சுற்றிலும் விளிம்பு, அதற்கு மேலே ஒரு கறுப்புப் பட்டி. அசல் ஃபெல்ட் தொப்பி. "வெயிலுக்குப் போட்டுக்குங்கப்பா" என்றான். மறுநாள் காலை பத்தரை மணிக்கு அதை மாட்டிக்கொண்டு நம் கருக்களாச்சேரிக் கடற்கரையில் நடக்கப் போனேன். அரை மணி நேரத்தில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. படகு நிழலில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினேன். உள்பட்டி பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது.

பக்கத்தில் வலை கோத்துக்கொண்டிருந்தவர் என் பழைய மாணவர். எழுந்து வந்து, தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, குடத்துத் தண்ணீரில் நனைத்து, என் உச்சியில் போட்டார். உயிர் திரும்பி வந்தது மாதிரி இருந்தது. "கம்பளியத் தலையில போட்டுகிட்டு யாராச்சும் வெயில்ல நடப்பாங்களா சார்?" என்று கேட்டார்.

வரலாறு சொல்லிக்கொடுத்தவனிடம் கேட்கவேண்டிய கேள்விதான். ஏனென்றால் யாராச்சும் அல்ல, ஆயிரக்கணக்கானவர்கள் அப்படி நடந்திருக்கிறார்கள். அதுவும் நம் ஊர்த் தெருக்களிலேயே. அவர்கள் தலையைக் காப்பாற்றிக்கொள்ள என்னவெல்லாம் செய்தார்கள் என்பதைத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஃபெல்ட் என்றால் என்ன? அது நெய்த துணி அல்ல. ஆட்டுக் கம்பளியையோ முயல் மயிரையோ சுடுநீரும் ஆவியும் காட்டி, அழுத்தி அழுத்தித் தேய்ப்பார்கள். கம்பளி இழையின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரே தகடாகிவிடும். அதைக் கட்டையில் கவிழ்த்து இழுத்தால் தொப்பி. நூலிடை ஓட்டை இல்லாததால் காற்று எளிதில் புகாது. குளிர்நாட்டுக்காரனுக்கு அதுதானே வேண்டும்!

ஆனால் ஒன்றை நியாயமாகச் சொல்லவேண்டும். குளிரைத் தடுக்கும் பொருள் வெயிலையும் தடுக்கும். சூரியச் சூடு ஃபெல்ட்டைத் தாண்டி மண்டைக்கு வர நேரமாகும். தொல்லை வெளியிலிருந்து வருவது மட்டுமல்ல, உள்ளேயிருந்து வருவது. நம் உடம்பு வியர்த்துத்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். வழிந்து கீழே சொட்டினால் அந்தப் பயன் இல்லை, ஆவியாகவேண்டும். தொப்பி தலையோடு ஒட்டி இருந்தால் உள்ளே காற்று அசையாது. அசையாத காற்று ஈரத்தால் நிரம்பிவிடும். பிறகு வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. அன்று எனக்கு நடந்தது இதுதான். நம் கடலோரத்தில் காற்றே ஏற்கெனவே ஈரமாக இருப்பதால் தொல்லை இரட்டிப்பு.

இனி வரலாற்றுக்கு வருகிறேன்.

1739-இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. நடுவில் ஆங்கிலேயர் சில தடவை பிடித்தும் கொடுத்தும் இருந்தாலும், 1954 நவம்பர் 1 வரை இங்கே பிரெஞ்சுக் கொடிதான். அவர்கள் போனபிறகும் போகாமல் நின்றவற்றுள் ஒன்று நம் காவலர்களின் சிவப்புத் தொப்பி. காரைக்கால், புதுச்சேரி, மாஹே எங்கே போனாலும் அந்த உருளை வடிவத் தொப்பியைப் பார்த்ததும் எல்லை தாண்டிவிட்டோம் என்று தெரிந்துவிடும். அதன் பெயர் கெப்பி.

இந்தக் கெப்பி பிறந்த கதையே வெயில் கதைதான். 1830-இல் பிரெஞ்சுப் படை அல்ஜீரியாவில் இறங்கியது. அப்போது சிப்பாய்களின் தலையில் இருந்தது 'ஷாகோ' என்கிற உயரமான, கனமான தொப்பி. ஃபெல்ட்டும் தோலும் சேர்த்துச் செய்தது. ஆப்பிரிக்க வெயிலில் அதைச் சுமந்து நடக்க முடியவில்லை. அதனால் மெல்லிய பிரம்புச் சட்டத்தின் மேல் துணி போர்த்தி, முன்பக்கம் ஒரு நெற்றி மறைப்பு வைத்து, இலேசான தொப்பி ஒன்றைச் செய்துகொண்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் கெப்பி. ஆக, இன்று நமக்குப் பாரமாகத் தெரியும் தொப்பி, அன்று பாரத்தைக் குறைக்க வந்த தொப்பி!

ஆனால் கெப்பியும் தலையை இறுக்கிப் பிடிக்கும். காதுக்கும் பிடரிக்கும் நிழல் இல்லை. எனவே பாலைவனத்தில் அதன் மேல் வெள்ளைத் துணி உறை போட்டு, பின்னால் கழுத்து வரை ஒரு துணியைத் தொங்கவிட்டார்கள். ஆங்கிலேயரும் அதையே செய்தார்கள். 1857 கிளர்ச்சியின்போது இங்கே படை நடத்திய ஹென்றி ஹேவ்லாக்கின் பெயரே அந்தக் கழுத்துத் துணிக்கு 'ஹேவ்லாக்' என்று நிலைத்துவிட்டது. கனமான தொப்பியின் மேல் ஒரு துண்டைப் போடவேண்டும் என்பதை அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். தொப்பியை எடுத்துவிட்டுத் துண்டை மட்டும் போட்டால் போதும் என்பதுதான் தோன்றவில்லை.

அடுத்த பாடம் நம் டெல்டாச் சேற்றில் விளைகிற ஒரு செடியிடமிருந்து வருகிறது. மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளின் கழுத்தில் நெட்டி மாலை கட்டுவோம் அல்லவா? குளத்திலும் தாழ்ந்த நிலத்திலும் வளரும் அந்த நெட்டியின் தண்டைச் சீவினால் உள்ளே பால்வெள்ளைச் சோறு. கையில் எடுத்தால் எடையே தெரியாது. தஞ்சாவூர்க் கலைஞர்கள் அதில் பெரிய கோயிலையே செதுக்கிவிடுவார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இதே செடிக்கு வங்காளத்தில் 'சோலா' என்று பெயர். அந்தச் சோற்றை அடுக்கி ஒட்டி, மேலே துணி போர்த்திச் செய்ததுதான் வெள்ளைக்கார அதிகாரிகளின் 'சோலா டோப்பி'. ஆங்கிலேயர் பலர் 'சோலா' என்ற பெயரை 'சோலார்' ஆக்கி, சூரியனோடு தொடர்புபடுத்திக்கொண்டார்கள். பழைய புதுச்சேரிப் படங்களில் பிரெஞ்சு அதிகாரிகள் போட்டிருப்பதும் இதே சாதியைச் சேர்ந்த வெள்ளைத் தலைக்கவசம்தான். தக்கையிலும் செய்வார்கள்.

அந்தத் தொப்பியின் சூட்சுமம் நெட்டியில் மட்டும் இல்லை. உள்ளே பாருங்கள். தலையைச் சுற்றி ஒரு பட்டி இருக்கும். அந்தப் பட்டிக்கும் தொப்பிக்கும் நடுவே சிறு சிறு தக்கைத் துண்டுகளை வைத்து இடைவெளி விட்டிருப்பார்கள். உச்சியில் மூடி போட்ட ஒரு துளை. கீழே புகும் காற்று சூடேறி மேலே போய்விடும். கூரை வீட்டில் முகட்டோரம் புகை போக வழி விடுவதைப் போல. தொப்பி தலைக்கு மேலே ஒரு கூரையாக நின்றதே தவிர, தலையைப் போர்த்தவில்லை.

ஃபெல்ட்டை விட மனம் இல்லாதவர்களும் இதே வழிக்கு வந்தார்கள். அகல விளிம்புள்ள 'தெராய்' தொப்பி என்று ஒன்று உண்டு. இமயமலை அடிவாரத் தெராய் நிலத்தின் பெயர் அது. தோட்டத் துரைமார்கள் அதில் இரண்டை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்துப் போட்டார்கள். அதற்குப் பெயரே 'இரட்டைத் தெராய்'. வேடிக்கையாகத் தெரியும். ஆனால் இரண்டு தொப்பிக்கும் நடுவே நின்ற காற்றுதான் அங்கே குடை. மேல் தொப்பி சுட்டாலும் கீழ்த் தொப்பிக்கு அந்தச் சூடு முழுதாக இறங்காது.

படித்தவர்கள் சறுக்கிய இடமும் உண்டு. வெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ கதிர் மண்டை ஓட்டைத் துளைத்து மூளையைக் கெடுக்கிறது என்று அந்தக் காலத்து மருத்துவர் பலர் நம்பினார்கள். அமெரிக்க ராணுவ மருத்துவர் சார்லஸ் உட்ரஃப் 1905-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். சிவப்பு நிறம் அந்தக் கதிரைத் தடுக்கும் என்ற எண்ணத்தில், பிலிப்பைன்ஸில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஆரஞ்சுச் சிவப்பில் உள்ளாடை கொடுத்துச் சோதித்தார்கள். தொப்பிக்கும் அதே நிறத்தில் உள்துணி. பலன்? வெயில் குறையவில்லை, புழுக்கம் கூடியது. பிறகு இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காட்டில் சண்டை போட்டவர்கள் அந்தப் பெரிய தலைக்கவசத்தைக் கைவிட்டார்கள். யாருடைய மூளையும் உருகவில்லை. வெயில் அடிப்பது தலையை மட்டும் அல்ல, முழு உடம்பையும்தான் என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. தண்ணீர் இல்லாமல், ஓய்வு இல்லாமல் நின்றால் எந்தத் தொப்பியும் காப்பாற்றாது.

இவ்வளவு அனுபவத்துக்குப் பிறகும் சீருடை என்று வந்தால் பழைய தொப்பி எளிதில் இறங்குவதில்லை. கர்நாடகக் காவலர்களின் ஒரு பக்கம் மடித்த 'ஸ்லவுச்' தொப்பியைப் பெங்களூரு போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அதைப் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பது சிரமம் என்று அவர்கள் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2025 அக்டோபரில்தான் அதற்குப் பதில் இலேசான நீலத் தொப்பி வந்தது. அகமதாபாத்தில் 2023-இல் போக்குவரத்துக் காவலர்களுக்கு மின்கலத்தில் ஓடும் குளிர்சாதனத் தலைக்கவசத்தையே சோதித்துப் பார்த்தார்கள்.

இப்போது அந்த ஈரத் துண்டுக்கு வருகிறேன்.

என் அப்பா கட்டுமரத்தில் போனவர். கரையிலிருந்து புறப்படும்போதே துண்டைக் கடல் தண்ணீரில் முக்கி முண்டாசு கட்டிக்கொள்வார். காய்ந்தால் அவிழ்த்து மறுபடி முக்குவார். அதில் மூன்று காரியம் இருந்தது. மடிப்பு மடிப்பாகக் கட்டியதால் நடுவே காற்று நின்றது. நனைந்திருந்ததால் அவருடைய வியர்வைக்குப் பதிலாகத் துண்டின் ஈரம் ஆவியானது. உடம்புத் தண்ணீர் அந்த அளவுக்கு மிச்சம். மூன்றாவதுதான் முக்கியம்: வேண்டாதபோது அவிழ்த்துவிடலாம். யாரிடமும் உத்தரவு கேட்கவேண்டியதில்லை.

உடனே 'நம் முன்னோர்கள் எல்லாம் அறிந்தவர்கள்' என்று மார்தட்டிக்கொள்ள நான் இதை எழுதவில்லை. காற்று விழுந்த வைகாசி மத்தியானத்தில் ஈரத் துண்டும் அவ்வளவாக உதவாது. அப்பாவுக்குக் கடலில் காற்று இருந்தது. நாற்சந்தியில் நிற்கிறவருக்கு அதுவும் இல்லை. தலையைக் குளிர வைப்பது தொப்பியும் அல்ல, துண்டும் அல்ல. நடுவில் நிற்கும் காற்றும், ஆவியாகும் தண்ணீரும், கழற்றி வைக்கிற சுதந்திரமும்தான்.

உங்களில் பலர் சீருடையில் இருக்கிறீர்கள். காவல், ஊர்க்காவல் படை, ராணுவம், வளைகுடாவில் கட்டட வேலை. மூன்றாவது சுதந்திரம் உங்களுக்கு இல்லை. ஆகவே இருக்கிற தொப்பிக்குள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

தொப்பியை ஓர் அளவு இறுக்கமாக வாங்காதீர்கள். உச்சிக்கும் தொப்பிக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருக்கட்டும். ஃபெல்ட் தொப்பி என்றால் வெளிர் நிறமும், பக்கத்தில் காற்றுத் துளையும் உள்ளதாகப் பாருங்கள். தொப்பியை நனைக்கவேண்டாம், ஃபெல்ட் ஈரத்தைக் குடித்துக் கனமாகி, வடிவமும் கெட்டுவிடும். அதற்குப் பதில் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து பிடரியில் போடுங்கள். மணிக்கு ஒரு தடவையாவது நிழலில் கழற்றி, உள்பட்டியைத் துடைத்து, தலையை ஆறவிடுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீரோ நீர்மோரோ குடியுங்கள். கூட நிற்பவர் பேச்சுக் குழறினால், தடுமாறினால், உடம்பு நெருப்பாகச் சுட்டால், அது களைப்பு அல்ல. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள்.

மேலதிகாரிகளாக இருக்கும் மாணவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஆனி மாதம் மாங்கனித் திருவிழா வருகிறது. கூட்டத்தை ஒழுங்கு செய்ய நிற்கிற பிள்ளைகளை மணிக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். நிழலில் பத்து நிமிடம் தொப்பியைக் கழற்றச் சொல்லுங்கள். சிவப்புத் தொப்பி நம் ஊரின் அழகு, அதில் எனக்கும் பெருமை உண்டு. அதற்குள்ளே ஒரு தலை இருக்கிறது என்பதை மறக்கவேண்டாம்.

என் மகன் கொண்டுவந்த தொப்பியை நான் பெட்டியில் பூட்டிவிடவில்லை. மார்கழிப் பனியில் விடியற்காலை நடைக்குப் போட்டுக்கொள்கிறேன். அதற்கு அதைவிட நல்ல தொப்பி இல்லை. வெயிலுக்கு? அன்று என் தலையில் போட்ட துண்டை அந்த மாணவர் திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். அதுதான் இப்போது என் தோளில் கிடக்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வெயிலுக்கு என்ன கட்டினார்கள், எப்படிக் கட்டினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்
கருக்களாச்சேரி